முதலிடத்தில் சமையற்கட்டு

மலையடிவாரத்தில் மெய்யரசி அம்மையாரின் ஆசிரமம் இருந்தது. சீடர் தணிகாசலம் வயதில் அவரைவிட மூத்தவர். பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துவிட்டு வந்தவர் என்பதால், ஆசிரமத்து இன்டர்நெட் அவர் தலையில் விழுந்தது.

மாலையில் மலைக்கிராமத்து ஜனங்கள் பிரார்த்தனைக் கூடத்துக்கு வருவார்கள். டவுன் டாக்டர் அவர்களை வீடியோவில் பார்ப்பார். நேற்று வெள்ளச்சி தன் பிள்ளையின் காலில் பழுத்திருந்த புண்ணைக் காட்டும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. கடைசிவரை வரவே இல்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேறினாள். தணிகாசலத்துக்கு மானமே போனது.

காலையில் ரூட்டரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். யார் எவ்வளவு டேட்டா எடுத்தார்கள் என்று பெயர்வாரியாக இருந்தது. முதல் பெயர், சமையற்கட்டு. மற்ற பெயர்கள் அதன் கிட்டேகூட வரவில்லை.

லேப்டாப்போடு ஓடினார். அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"திருடனைப் பிடிச்சிட்டேம்மா."

"யாரு?"

"சமைக்கிற சொர்ணம் அக்காதான். மகளோட பேசறேன்னு மொத்தத்தையும் உறிஞ்சிடறாங்க. சமையற்கட்டு லைனை வெட்டிடட்டுமா? வெள்ளச்சி இன்னிக்கு மறுபடி வருவா."

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். எதைக் காட்டினாலும், உலகத்தில் வேறு எதுவுமே இல்லாததுபோல் அதைப் பார்ப்பார். அந்த ஒரு குணத்துக்காகவே தணிகாசலம் அவர் காலடியில் இன்னொரு பிறவியும் கிடப்பார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. வெட்டறது இருக்கட்டும். மத்தியானம் பந்தியில யார் அதிகமா சோறு எடுக்கறாங்கன்னு பார்த்துட்டு வாங்க."

இதென்ன கூத்து என்று தோன்றியது. ஆனாலும் போய்ச் சமையற்கட்டு வாசலில் நின்றார். பந்தி முடிந்ததும் வந்தார்.

"சொர்ணம் அக்காதாம்மா. அண்டாவிலேர்ந்து கூடை கூடையா அவங்கதான் எடுத்தாங்க."

"அவ்வளவையும் சாப்பிட்டாங்களா?"

"ஐயோ, பந்திக்குப் பரிமாறினாங்க. கடைசியில அண்டாவுல சோறே இல்ல. கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடிச்சாங்க."

"அப்ப, உங்க ரூட்டர்ல இருக்கற சமையற்கட்டு யாருக்குப் பரிமாறுதுன்னும் பார்த்துடுங்க."

தணிகாசலம் சமையற்கட்டுக்குப் போய் ஏணி போட்டுப் பரணில் ஏறினார்.

அங்கே ஒரு சின்னப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. ரூட்டரின் சிக்னல் கூடம்வரை எட்டாததால், முன்பு இருந்த சீடர் யாரோ அந்தச் சிக்னலை வாங்கிக் கூடத்துக்கு அனுப்பும் இந்தப் பெட்டியை நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடம் எடுத்ததையெல்லாம் ரூட்டர் சமையற்கட்டின் பெயரில் எழுதியிருக்கிறது. டாக்டரின் வீடியோவும் அதற்குள்தான். காலையிலேயே வெட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து அறுந்திருக்கும்.

பெட்டியைத் தொட்டார். சுட்டது. நேர் கீழே, சாயங்காலக் கஞ்சிக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் வரும் நேரமும் கஞ்சி கொதிக்கும் நேரமும் ஒன்றுதான்; சூட்டில் பெட்டி திணறித்தான் நேற்று படம் நின்றிருக்கிறது. பரணெல்லாம் கரி அப்பியிருக்க, பெட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஆசிரமத்துச் சாமானாச்சேன்னு தினம் துடைச்சு வைப்பேன் தம்பி," என்றாள் சொர்ணம் கீழேயிருந்து. "எடுத்துட்டுப் போறீங்களா?"

"இல்லக்கா. கொஞ்சம் காத்தாட வைக்கப்போறேன்."

அடுப்பைவிட்டுத் தள்ளி, கூடத்தைப் பார்த்த ஜன்னலில் அதை வைத்தார்.

மாலையில் வெள்ளச்சி பிள்ளையின் காலைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள். டாக்டர் திருப்பச் சொன்னார், பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். படம் எங்கும் நிற்கவில்லை. "காலுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, மருந்து எழுதித் தரேன்," என்றார். வெள்ளச்சி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். தணிகாசலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மையாரை நினைத்தால் அவருக்குப் பிரமிப்பாக இருந்தது.

மறுபடி லேப்டாப்போடு ஓடினார்.

"பாருங்கம்மா, இன்னிக்கும் சமையற்கட்டுதான் முதல்ல. நேத்தைவிட எவ்வளவு அதிகம் பாருங்க!"

காலையில் பார்த்த அதே நிதானத்தோடு அம்மையார் அந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்தார்.

"ரொம்பச் சந்தோஷம் ஐயா. சொர்ணம் அக்கா சாப்பிட்டாங்களா?"

தணிகாசலம் லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையற்கட்டுக்கு நடந்தார்.