வக்கீல் வீட்டுத் திருஷ்டி பொம்மை

தென்காசியில் வக்கீல் சங்கரலிங்கம் மாடி வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடியும் போய்விட்டார். கட்டிக்கொடுத்த மேஸ்திரி மாசானத்துக்குக் கடைசித் தவணை மட்டும் வரவில்லை. கேட்டால், குழாய் சொட்டுகிறது என்பார் வக்கீல். அதைச் சரிசெய்தால் கதவு கிறீச்சிடுகிறது என்பார்.

“வேலை முழுசா முடிஞ்சாத்தான் பணம்னு ஒப்பந்தத்துல இருக்குவே. வேலை முடியல. கோர்ட்டுலயும் இதைத்தான் சொல்லுவேன்.”

“சட்டம் தெரிஞ்சவுக சொன்னா சரிதான்யா” என்று மாசானம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வக்கீல் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் தொங்குமே, அந்த வைக்கோல் திருஷ்டி பொம்மை, மாடி முகப்பில் நாக்கை நீட்டிக்கொண்டு ஆடியது.

“வீடு இன்னும் கட்டி முடியலையோ?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“யாரு சொன்னது? முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு! ஒரு குறை கிடையாது!” என்று வக்கீல் கத்தினார்.

கதவைச் சரிசெய்ய வந்திருந்த மாசானம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “வேலை முடியலன்னு நீங்க சொன்னதாலதான்யா பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டேன். இப்ப சாட்சியோட முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டீக. பணம் வந்தா பொம்மையை இறக்கிருவேன்.”

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார்.

பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு மாசானம் சொன்னார்: “இதை இறக்கக் கூலி வேண்டாம்யா. ஒப்பந்தத்துல இல்லை.”