சோறாக்கி கையை மூடிய நாள்

அந்தக் காலத்தில் மரங்களும் மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். அப்போது மலையடிவாரத்தில் சடைச்சி என்ற பெண் ஒரே ஒரு மாமரத்தை வளர்த்துவந்தாள். அந்த மரத்தில் சோறாக்கி என்றொரு இலை இருந்தாள்.

இலைகளுக்குச் சமையல்தான் வேலை. வேர் தண்ணீர் அனுப்பும், வெயில் அடுப்பாகும், இலைகள் இனிப்பாக ஆக்கிப் பிஞ்சுகளுக்கு ஊட்டும். சோறாக்கியின் கைப்பக்குவத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனால் அவளுக்கு ஒரு வீம்பு. பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் வைப்பது மகாபாவம் என்பாள். மரத்தில் பிடித்த பிஞ்சுக்கெல்லாம் ஒரே அளவு. தனக்கென்று ஒரு வாய்கூட எடுத்துவைக்க மாட்டாள். அவளைப் பார்த்து மற்ற இலைகளும் அப்படியே பரிமாறின.

பலன்? மரம் கொள்ளாத காய்கள். ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு, வெறும் தோலும் கொட்டையும்.

ஒரு மாசி மாதம் சடைச்சி கோடாலியோடு வந்தாள். "மூணு வருசமா குடம் குடமா சுமந்து ஊத்தினேன். வாயில வைக்கிற மாதிரி ஒரு பழம் உண்டா? வைகாசி வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா அடுப்புக்குத்தான்" என்று சொல்லி, கோடாலியை அடிமரத்தில் சாய்த்துவிட்டுப் போனாள்.

மரம் நடுங்கிப்போனது. "சோறாக்கி, எனக்குக் கொழுந்து விடவே தெம்பில்லையேடி. நீயும் மஞ்சளாப் போயிட்ட."

"நான் என்ன ஆத்தா பண்ண? எல்லாம் நம்ம பிள்ளைங்க. யாருக்கு இல்லேன்னு சொல்ல?"

பங்குனி பிறந்தது. சோறாக்கியை நம்பி நாற்பது பிஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. உச்சிவெயிலில் சமைத்துச் சமைத்து அவளுக்கு ஓரமெல்லாம் கருகிவிட்டது. அன்று ஆக்கியதைப் பார்த்தாள். நாற்பது பேருக்கும் பங்கு வைத்தால் நாற்பதும் பிழைக்காது, மரமும் பிழைக்காது.

முதல் கவளத்தைத் தானே உண்டாள். மிச்சத்தை, இருப்பதிலேயே திடமாக இருந்த ஒரு பிஞ்சுக்கு மொத்தமாக ஊட்டினாள்.

"அக்கா, எனக்கு?" என்றது ஓரத்திலிருந்த சின்னது.

சோறாக்கி கையை மூடிக்கொண்டாள். "உனக்கு இல்லடா கண்ணு. இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல."

"பந்தி வஞ்சனை பண்ணிட்டாளே!" என்று பக்கத்து இலைகள் கூச்சல் போட்டன. அவள் மூடிய கையைத் திறக்கவே இல்லை. சின்னது சற்று நேரம் காத்திருந்தது. பிறகு, "சரிக்கா" என்று பிடியை விட்டு விழுந்தது. அறுந்த காம்பில் சொட்டுச் சொட்டாகப் பால் கசிந்தது. மறுநாள் கூச்சல் போட்ட இலைகளும் கையை மூடின.

விழுந்து கிடந்த பிஞ்சுகளை மிதிக்க சடைச்சிக்கு மனம் வரவில்லை. மடி நிறையப் பொறுக்கிப் போய், உப்பும் கடுகும் சேர்த்து ஜாடியில் ஊறவைத்தாள். சில நாள் கழித்துப் பழைய சோற்றோடு ஒன்றைக் கடித்தவள், "அடேயப்பா!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வைகாசியில் மரத்தில் பழங்கள் குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கைக்கு அடங்கவில்லை. சடைச்சி ஒன்றைக் கடித்தாள், சாறு முழங்கை வரை வழிந்தது. கோடாலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"அடுத்த வருசம் இதைவிடக் கொஞ்சமாத்தான் காய்ப்பேன். என் இலைங்க வயிறாரச் சாப்பிடட்டும்" என்றது மரம்.

"நீ ஆற அமரக் காய் தாயி" என்றாள் அவள்.

அள்ளிக் கொடுப்பவரைக் கொண்டாட ஊரே உண்டு. கொடுக்காமல் காப்பாற்றிய அந்த ஒற்றை இலையின் நெஞ்சுரம் இருக்கிறதே, அது யாருக்கு வரும்?

அன்று முதல்தான் மாமரம் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறு வருடம் இளைப்பாறுகிறது. பங்குனி தோறும் பிஞ்சுகளை உதிர்த்துச் சிலவற்றை மட்டும் பழமாக்குகிறது. காம்பு அறுந்த இடத்தில் கசியும் பால் பட்டால் இன்றும் நம் தோல் எரிகிறது. இல்லை என்று சொன்ன வாய் எப்படி எரிந்திருக்கும்!