முத்தரசி போடாத எட்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்திரண்டு. கை கால் வசப்படாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கூடம் ஒன்றில், தூத்துக்குடியில் நடந்தது இது.

குரு, ரெஜினா டீச்சர். சீடர், சுடலைமணி அண்ணாச்சி. டிப்போவில் பஸ் டிரைவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குழந்தைகளுக்குப் பேட்டரி வண்டி பழக்கும் வித்தையைப் படிக்க டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தார். ஆனால் பழைய வாத்தியார் புது மாணவனாக இருப்பது லேசா?

அன்று முத்தரசியின் முறை. மூன்று வயது. கழுத்து நிற்காது, பேச்சு வராது. யாராவது தூக்கிக்கொண்டு போன இடம்தான் அவள் போன இடம். மெத்தை வைத்த குட்டி வண்டியில் அவளைச் சாய்த்து உட்காரவைத்து வார் போட்டிருந்தார்கள். கைக்கு எட்டும்படி, சாஸர் அகலத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் அழுத்தினால் வண்டி நேரே போகும், ஒன்றை அழுத்தினால் திரும்பும், கையை எடுத்தால் நின்றுவிடும். வேகம், நடை வேகம்தான்.

"வண்டிய வீட்டுக்குக் குடுத்து அனுப்பலாமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றிருந்தார் டீச்சர்.

அண்ணாச்சி தரையில் சாக்பீஸால் பெரிய எட்டு ஒன்று போட்டார். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்கள் ஓட்டிக் காட்டுவார்களே, அதே எட்டு.

முத்தரசி எட்டின் பக்கமே போகவில்லை. சுவரில் போய் மெல்ல முட்டிவிட்டு, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துச் சிரித்தாள்.

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது டீச்சர். இந்தப் புள்ளைக்கு இன்னும் ஆறு மாசம் போகட்டும்."

அம்மா சண்முகக்கனியின் முகம் சுண்டிவிட்டது. வாரை அவிழ்க்கக் குனிந்தாள்.

அண்ணாச்சிக்கும் சங்கடம்தான். "ஒரு புள்ள வண்டிக்குத் தயாராயிட்டுன்னு நீங்க எத வச்சு டீச்சர் சொல்லுவீய?" என்று கேட்டார்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "கனி, மணி பன்னெண்டரை ஆச்சு. பிள்ளைக்குச் சோறு குடுங்க."

"மடியில எடுத்துக்கிடவா?"

"வேண்டாம். வண்டியிலயே இருக்கட்டும்."

பருப்புச் சோறு. முதல் வாய் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதற்கு முத்தரசி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். இடது கை ஆடி ஆடி வந்து பொத்தான்மேல் விழுந்தது.

வண்டி திரும்பியது. அடுத்த கையும் விழுந்தது. வண்டி போயே போய்விட்டது.

"ஏட்டி, எங்க போற?" கனி எட்டிப் பிடித்து ஒரு வாய் நீட்டினாள். வண்டி மறுபடி திரும்பியது. "நில்லுட்டி! ஒரே ஒரு வாய்!"

முத்தரசி கீச்சென்று கத்திச் சிரித்தாள். நாற்காலியைச் சுற்றி, மேஜையைச் சுற்றி, எட்டின் குறுக்கே புகுந்து ஓடினாள். பின்னாலேயே கிண்ணத்தோடு அம்மா. அவள் பாதம் பட்டுப் பட்டு எட்டு அழிந்துகொண்டிருந்தது.

தெருவில் மற்ற அம்மாக்கள் சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளைகளை விரட்டுவதை மூன்று வருஷமாக வாசலில் நின்று பார்த்தவள் கனி. இன்று அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பிடி குடுக்க மாட்டேங்கா டீச்சர்! என்ன ஓட்டம் ஓடுதா பாருங்க!" புகார்தான் சொன்னாள். ஆனால் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்து முகமெல்லாம் நனைந்திருந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் வயிறு குளிர்ந்துபோனது.

அண்ணாச்சி மட்டும் பேனாவும் தாளுமாக நின்றார். "கோட்டுக்குள்ள ஓட்டல. கூப்பிட்டா நிக்கல. இத நான் என்னன்னு டீச்சர் எழுத?"

"உங்க மவன் மூணு வயசுல சோத்துக்குப் பிடி குடுக்காம ஓடியிருப்பாம்லா?"

"ஓடாம? தெருவையே ரெண்டாக்கிருவான்."

"எட்டுப் போட்டுக் காட்டுனதுக்கு அப்புறமா அவன ஓட விட்டீய?"

அண்ணாச்சி பேனாவைப் பையில் சொருகிக்கொண்டு போய், முத்தரசி வரும் வழியில் கிடந்த நாற்காலியை நகர்த்திப் போட்டார்.