குழாய்த் துணிக் காலுறை

சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கிற வளர்மதியை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தி நாலு. அவளிடம் தையல் கற்க வந்த செங்கோடனுக்கு ஐம்பத்தெட்டு. வந்ததும் ஒரே ஒரு உருப்படிக்காகத்தான். போன வருஷம் கரும்புக்காட்டில் அவர் மனைவி நாச்சியம்மாளை விரியன் கடித்துவிட்டது. பிழைத்ததே பெரும்பாடு. நாளைக்கு மறுபடி கரும்பு வெட்டு. போகாதே என்றால் கேட்கிற ஆளா அந்தம்மா?

மனுஷன் காயலான் கடையில் பழைய தீயணைப்புத் துணிக் குழாயைத் தேடிப் பிடித்தார். கத்தியைப் பழுக்கக் காய்ச்சி அறுத்தார். முழங்கால் வரை ஏறுகிற மாதிரி இரட்டை மடிப்பில் இரண்டு உறையைத் தார்ப்பாய் மிஷினில் தைத்தார். கோணி ஊசியால் ஓங்கிக் குத்தியும் காட்டினார். ஊசி இறங்கவில்லை.

"பாத்தீங்களா மாஸ்டர்? எந்தப் பல்லும் போகாது."

"நல்லாத்தானுங்க இருக்குது. ஓரத்துக்குப் பட்டி வைக்கலீங்களா?"

"சூட்டுல உருகி ஓரம் கல்லாட்டம் நிக்குது. ஒரு நூல் பிரியாது. பாம்பென்ன ஓரம் பாத்தா கடிக்கப் போகுது?"

வளர்மதி சிரித்தாள். "சரிங்கண்ணா. அதை மாட்டிக்கிட்டுப் போயி பைபாஸ் முக்குல டீ வாங்கிட்டு வாங்க."

"நான் எதுக்குங்க மாட்டணும்? அவளுக்குத் தைச்சது."

"டீ எனக்குங்க. போயிட்டு வாங்க."

வேட்டியை மடித்துக் கட்டி, உறையை மாட்டிக்கொண்டு, தூக்குப்போசியோடு போனார். தெருவே பார்த்தது.

டீ வந்தது. உறை இரண்டும் கக்கத்தில் இருந்தன. முழங்காலுக்குப் பின்னால் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எங்க கழட்டுனீங்க?"

"பெட்ரோல் பங்கு தாண்டலீங்க. ரம்பமாட்டம் அறுக்குது."

"அக்கா நாள் பூராக் குனிஞ்சு நிமிரணுமே?"

"அவ பொறுத்துக்குவாளுங்க. உசுரு பெருசில்லையா?" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. வரப்பில் இந்த இரண்டு உறையும் கிடக்கிறதும், அவள் வெறுங்காலோடு கரும்புக்குள் இறங்குகிறதும் அவருக்குக் கண்ணில் தெரிந்தது. பயந்துபோனார்.

"நான் எங்க மாஸ்டர் தப்புப் பண்ணேன்?"

வளர்மதி மெத்தென்ற பருத்திப் பட்டி ஒரு சுருளை எடுத்து அவர் மடியில் போட்டாள். டீயை ஊற்றிக்கொண்டாள்.

"பாம்புக்குத் தைச்சு முடிச்சுட்டீங்கண்ணா. அக்காவுக்கு இன்னும் தைக்கலீங்க."