முகம் போன காசு

"முகத்தை அழிச்சுப் போட்டனுங்க அம்மா. இனி நான் படிக்க வரலைங்க."

நல்லசிவம் காசை மேசைமேல் வைத்தார். ராஜாவின் தலை பொறித்த பக்கம் மேலே தெரிந்தது. அறுபது வயதில் மாணவராகச் சேர்ந்த மனுஷர். ஆர்வக்கோளாறில் பள்ளிப்பிள்ளைகள் தோற்றார்கள் போங்கள்.

கரூரில் பழங்காசு படிக்கச் சொல்லித்தரும் மெஹருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ரோமாபுரிக்கு அடங்கியிருந்த ஊர்கள் தாங்களே அடித்துக்கொண்ட செம்புக் காசுகளில் ஒன்று, இங்கே ஆற்றுமணலில் கிடைத்தது. எந்த ஊர்க் காசு என்று கண்டுபிடித்து வரும்படி நம்பிக் கொடுத்திருந்தார்.

"என்ன சார் பண்ணீங்க?"

"புளி போட்டுத் தேச்சனுங்க. குத்துவிளக்காட்டம் பளிச்சுனு வரும்னு நெனச்சேன்."

"யா அல்லா!" மெஹருன்னிசா தலையில் கைவைத்துக்கொண்டார். "எத்தனை நூறு வருஷம் மண்ணுல கிடந்து ஏறின பச்சைக் களிம்பு சார் அது! ஈயச்சட்டி கழுவுற மாதிரி கழுவிட்டீங்களே!"

நல்லசிவத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இங்க வாங்க."

மெஹருன்னிசா ஜன்னலோரம் காசைச் சாய்த்துப் பிடித்தார். வெயில் பக்கவாட்டில் விழுந்தது.

"கன்னத்துகிட்ட என்ன தெரியுது?"

"ஒரு சின்னக் குழிங்க. அதுக்குள்ள... அட, நட்சத்திரமுங்க!"

"தேஞ்சிருக்கா?"

"இல்லைங்க. ஓரமெல்லாம் நறுக்குனு இருக்குது."

"முகம்?"

"வழவழனு கெடக்குது."

சொல்லும்போதே நல்லசிவத்துக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அடேயப்பா! முகம் தேய்ந்து முடிந்த பிறகுதான் யாரோ அந்த நட்சத்திரத்தைக் குத்தியிருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஓர் ஊரில், ஒருவன் இதே காசை இதே மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். அவனுக்கும் முகம் தெரியவில்லை.



"அப்போ முகத்தை நான் அழிக்கலைங்களா?"

"பச்சையை அழிச்சீங்க. அது போனது போனதுதான். முகம் எத்தனையோ பேர் கை பட்டு அப்பவே போயிருச்சு."

"அவன் ஏனுங்க அதைத் தூக்கிப் போடலை? முகம் போன காசு இன்னும் செல்லும்னு எதுக்குங்க மறுபடி முத்திரை குத்துனான்?"

மெஹருன்னிசா பெட்டியைத் திறந்தார். பச்சை கலையாத இன்னொரு காசை எடுத்து, நல்லசிவத்தின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.