முழங்கால் என்று சொன்ன நீர்நாய்

மலையிலிருந்து இறங்கும் ஒரு காட்டாறு. அதன் நடுவே, யானை நிற்பது போல ஒரு பெரிய பாறை. அந்தப் பாறைக்கு எதிரே, கரையில் ஒரு நீர்நாய் வளை தோண்டிக் குடியிருந்தது.

ஆற்றின் அளவைப் பார்ப்பது நீர்நாயின் வேலை. யானைப்பாறையின் முழங்கால் வரை தண்ணீர் ஓடினால் பயமில்லை. வயிறு வரை வந்தால் கீழே உள்ளவர்கள் கரையேற வேண்டும். மலை உச்சியில் ஒரு கருங்குரங்கு இருந்தது. அங்குள்ள பாறைக் குழிகளில் மழை எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்து அது குரல் கொடுக்கும். இரண்டையும் சேர்த்து நீர்நாய் சொல்ல, மீன்கொத்தி அதைக் கீழே கொண்டுபோகும்.

கீழே சமவெளி. ஆற்று மணலில் ஆள்காட்டிக் குருவியும் அதன் நான்கு குஞ்சுகளும் இரை பொறுக்கும். கரையோரம் ஒரு முயல் இருந்தது. அங்கே பெரும்பாலும் வெயில்தான். மலையில் பெய்வது அவர்களுக்குத் தெரியாது.

கோடை முடியும் சமயம். ஒருநாள் தண்ணீர் பாறையின் வயிற்றைத் தொட்டது. நீர்நாய் சேதி அனுப்பியது. கீழே எல்லோரும் அலறியடித்துக் கரையேறினார்கள். ஆனால் வெள்ளம் வந்து சேரவில்லை. வழியெல்லாம் காய்ந்து கிடந்த மணல் அதைக் குடித்துவிட்டது. கொஞ்சம் நுரைதான் வந்தது.

மாலையில் நீர்நாய் பார்க்கப் போனது.

"வாங்க, வெள்ளக்காரரே!" என்றது முயல். "என் வால்கூட நனையலையே!"

"அண்ணனுக்கு வயிறுன்னா அவரு வயிறுதான் தெரியும்!" என்றது ஆள்காட்டி. "மீனைத் தின்னு அது வீங்கினா, ஆறும் வீங்கினாப்ல இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நீர்நாய் வளைக்குத் திரும்பியது. ஆனால் மறக்கவில்லை. மீனைக் கடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது.

அதன் பிறகு தண்ணீர் சிறிது சிறிதாக ஓடி மணலெல்லாம் ஊறிவிட்டது. ஒருநாள் காலையில் கருங்குரங்கு உச்சியிலிருந்து கத்தியது.

"எல்லாக் குழியும் நிரம்பி வழியுது! இன்னும் கொட்டுது! கீழே சொல்லு!"

நீர்நாய் கையைத் தூக்கிக் காட்டியது. கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

சற்றுப் பொறுத்து மீன்கொத்தி வந்தது. "என்ன அளவு மாமா?"

நீர்நாய் பாறையைப் பார்த்தது. மலைத் தண்ணீர் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

"முழங்கால்" என்றது.

"அவ்வளவுதானா?"

"பாறை எதிரேதானே நிக்குது? உனக்குக் கண் இல்லையா?"

மீன்கொத்தி பறந்து போனது. 'நான் பொய் சொல்லவில்லையே! முழங்கால்தானே இருக்கிறது?' என்று நீர்நாய் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. 'அன்றைக்கு முன்னால் ஓடச் சொன்னேன், சிரித்தார்கள். இன்றைக்குக் கால் நனைந்த பிறகு ஓடட்டும்!'

உச்சிப்பொழுதில் ஆறு செந்நிறமாகப் புரண்டு வந்தது. வயிறு மறைந்தது. காது மறைந்தது. கடைசியில் யானையையே காணவில்லை. நீர்நாய் வளையை விட்டு வெளியே ஓடியது. வெள்ளத்தில் குதித்துக் கீழ்நோக்கி நீந்தியது. ஆனால் வெள்ளம் அதற்கு முன்பே போய்விட்டது.

கரை மேட்டில் ஆள்காட்டி நின்றது. இறகுக்கடியில் ஒரே ஒரு குஞ்சு இருந்தது.

"வந்துட்டியா அண்ணே!" என்று அது ஓடி வந்தது. "உன்னையும் அடிச்சுக்கிட்டுப் போயிருக்குமோன்னு பயந்துட்டேன்!"

நீர்நாய் கரையேறி அந்த ஒற்றைக் குஞ்சைப் பார்த்தது.

"முழங்கால்னு நீ சொல்லி அனுப்பினே. நம்பி நடு மணலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு பேரும் போயிட்டாங்க. உன்மேல தப்பில்லே. மழை பெய்ததை அந்தக் குரங்குதான் உனக்குச் சொல்லலை."

"தின்னுட்டுத் தூங்கியிருக்கும்!" என்று முயல் கத்தியது. அதன் வளையும் போய்விட்டது. "இனி இந்த ஆத்துல அது வாய் வைக்கட்டும், பாத்துக்கறேன்!"

அப்போது மரக்கிளையில் சலசலப்புக் கேட்டது. என்ன ஆனார்களோ என்று பார்க்கக் கருங்குரங்கே இறங்கி வந்திருந்தது.

"நானா தூங்கினேன்? தொண்டை கிழியக் கத்தினேன்! நீர்நாயே, நீ கையைத் தூக்கிக் காட்டலையா?"

எல்லோரும் நீர்நாயைப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது. ஆள்காட்டியின் இறகுக்கடியிலிருந்து அந்தக் குஞ்சு எட்டிப் பார்த்தது.

"காட்டினேன்" என்றது நீர்நாய். "எனக்கு மழை தெரியும். பாறையை மட்டும் சொன்னேன். மழையைச் சொல்லலை."

"ஏன்?" என்றது ஆள்காட்டி.

"அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க."

அந்தச் சொல் அதன் காதுக்கே எவ்வளவு அற்பமாகக் கேட்டது!

"நாங்க சிரிச்சது தப்புதான்" என்றது ஆள்காட்டி. "அதுக்கு என் பிள்ளைங்களா?"

யாரும் நீர்நாயை அடிக்கவில்லை. விரட்டவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அது எதிர்நீச்சல் போட்டு வளைக்குத் திரும்பியது.

வெள்ளம் வடிந்தது. மீன்கொத்தி அதன் பிறகு வரவில்லை. நீர்நாயே தினமும் காலையில் நீந்தி வந்து, "மலையில மழை இல்லை. பாறையில முழங்கால்" என்று சொல்லும். சொன்னதெல்லாம் உண்மை. ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆள்காட்டியும் கேட்டுக்கொள்ளும். பிறகு குஞ்சை முயலிடம் விட்டுவிட்டு, நீர்நாயின் தலைக்கு மேலேயே பறந்து போகும். மலையையும் பாறையையும் தன் கண்ணால் பார்த்துத் திரும்பிய பிறகுதான் குஞ்சை மணலில் இறக்கும். அது திரும்பி வரும்வரை நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரில் கிடக்கும்.

பகையை மனத்தில் வைத்துக்கொள்கிறவன் வைத்துக்கொள்ளட்டும். பிறர் உயிரைக் காக்கும் சேதியையும் அதோடு சேர்த்து வைத்துக்கொண்டால், பிறகு அவன் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.