பாறைக்கு விளக்கு கேட்ட அம்புரோஸ்

கண்ணை மூடிக்கிட்டு 'ம்' கொட்டு, சொல்றேன். சீமையில, பனிமூட்டம் எப்பவும் படுத்தே கெடக்குற ஒரு கடற்கரை. அந்த ஊர்ல மெரிடன் பிரபுன்னு ஒருத்தரு. அவருக்கு ஒரே வாரிசு, அம்புரோஸ். இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி.

ம்.

கரைக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணிக்குள்ள ஒரு பெரிய பாறை. பனியில அது தெரியாது. வர்ற கப்பல் மடார்னு போய் மோதும். அப்புறம் பெட்டி, கம்பளம், கடிகாரம்னு மெதந்து மெதந்து கரைக்கு வரும். ஒதுங்குறதெல்லாம் பிரபுவுக்குத்தான்னு அந்த ஊரு வழக்கம். அவங்க மாளிகை பூரா அப்படி வந்த சாமான்தான்.

ஒரு நாள் காலையில அம்புரோஸ் கரையோரமா நடந்து போறான். அப்போ அலை சளக் சளக்னு ஒரு மாலுமியைக் கொண்டாந்து காலடியில போட்டுச்சு. மூச்சில்ல. அம்புரோஸ் வயசுதான், இருபத்தொண்ணு. அந்தத் தலையை மடியில வச்சுக்கிட்டு, பனி விலகுற வரைக்கும் உக்காந்தே இருந்தான்.

வீட்டுக்கு வந்து, "அப்பா, பாறை மேல ஒரு விளக்குக் கோபுரம் கட்டணும்"னான்.

"கட்டிட்டா, நம்ம கரைக்கு என்னடா வரும்?"னாரு பிரபு.

பெரிய மனுஷங்களோட பழகினா இந்தக் கிறுக்கு தெளிஞ்சுடும்னு நெனச்சு, அவனைப் பார்லிமெண்டுக்கு அனுப்பி வச்சாரு. நாட்டுக்கே சட்டம் போடுற சபை அது.

ம்.

மொத வருஷம் பேச எந்திரிச்சான். வாயைத் தொறந்தா லொக் லொக்னு இருமல்தான் வந்துச்சு. உக்காந்துட்டான்.

மறு வருஷம் பேசினான். அப்போ ஒருத்தரு, "உங்க வீட்டுக் கடிகாரம் எந்தக் கப்பல்ல வந்துச்சு?"ன்னு கேட்டாரு. சபையே கொல்லுனு சிரிச்சுது.

மூணாம் வருஷம் இருமல் நெஞ்சுல கூடு கட்டிடுச்சு. வைத்தியர் போகாதேன்னாரு. போனான். முன்னாடி இருந்த பெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

"ஆமா, எங்க வீட்டுக் கடிகாரம் செத்தவங்களோடது. என்னைப் போட்டு ஆட்டின தொட்டிலும் அப்படி வந்ததுதான். எந்தக் குழந்தைக்குன்னு போய்க்கிட்டு இருந்துச்சோ, தெரியல. அதனாலதான் விளக்கு கேக்குறேன்."

ஒரு மூலையிலேர்ந்து "சரி"ன்னு ஒரு குரல். இன்னொரு "சரி." சபை பூரா "சரி, சரி."

"கட்டிட்டாங்களா?"

கட்ட நாளாகும்ல, தங்கம்? அம்புரோஸ் படுத்துட்டான். வீட்டு மானத்தைச் சபையில வித்துட்டான்னு அப்பா பேச்சையே நிறுத்தியிருந்தாரு. ஒரு சாயங்காலம் வந்து கட்டில் ஓரமா உக்காந்தாரு.

"பாதி உசரம் வந்துடுச்சுடா."

"போய்ப் பாத்தீங்களாப்பா?"

"தெனமும் போறேன்."

அம்புரோஸ் மெதுவா சிரிச்சான். அந்த வாரமே போயிட்டான். இருபத்தஞ்சே வயசு.

ம்...

கோபுரம் முடிஞ்ச அன்னிக்கு, பொழுது சாயுற நேரம். பிரபு யாரையும் விடல. முட்டி வலிக்க வலிக்க, நூத்திச்சொச்சம் படி ஏறிப் போய் விளக்கை அவரே ஏத்தினாரு. பனிக்குள்ள மஞ்சளா வெளிச்சம் கசிஞ்சுது. தூரத்துல ஒரு கப்பல், அதைப் பாத்துட்டு, சலசலன்னு தண்ணியை ஒதுக்கி மெள்ளத் திரும்பிச்சு.

கப்பல்ல ஒரு அம்மா கேட்டாங்க: "அது என்ன வெளிச்சம்?"

"யாரோ வச்சிருக்காங்கம்மா"ன்னாரு மாலுமி.

"யாரா இருந்தாலும் நூறு வயசு இருக்கட்டும்"னு சொல்லிட்டு, அந்தம்மா போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டாங்க. அப்புறம் கப்பல்ல ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா, தூங்கிட்டாங்க.

கதை கரை சேந்தாச்சு. நீயும் தூங்கு.